இரண்டு தட்டு அழுகண்ணி

காலையில் டீ குடிக்கும் முன்பு நான் செடிகளைப் பார்த்தாக வேண்டும், ஐயா. இரண்டு நாளாக உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு அது ஒன்றுதான் குறை.

குட்டை அழுகண்ணி என்றால் உங்களுக்குத் தெரியாது. முழுதாக வளர்ந்தாலும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். இலையெல்லாம் சிவந்த மயிர், நுனியில் பசைத் துளி. கம்பத்து பிரவுசிங் சென்டரில் இன்டர்நெட் வழியாகப் பழக்கமான ஓர் இங்கிலாந்துக்காரர் 2008 நவம்பரில் அதன் முளைமொட்டுகளைத் தபாலில் அனுப்பினார். எள்ளைவிடச் சிறியவை, எண்பது.

தட்டுக்கு நாற்பதாக இரண்டு தட்டில் போட்டேன். ஒன்றுக்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், மற்றதற்கு போர் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்புகிறவன் அல்ல நான். போர் தண்ணீர் ஊற்றிய தட்டு முளைத்த பதினோராம் நாள் கருகத் தொடங்கியது. இருபதாம் நாள் அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. 'இளம் உயிருக்கு இந்தத் தண்ணீர் ஆகாது' என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

தை பிறந்ததும் மழைத் தண்ணீர் தீர்ந்தது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைக் கடையில் வாங்கி ஊற்றினேன். மூன்று செடி செத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அதற்கு முந்தின வருடம் எங்கள் பிள்ளை பிறந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனபோது என் மனைவி யாஸ்மின் கேட்டாள்: "ஒங்க கையில எந்த உசுருங்க நெலைக்கும்?" உத்தமபாளையத்தில் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. இந்தச் செடிகளைக் காட்டி அவளை அழைத்து வரலாம் என்று நம்பியிருந்தேன். வேறு எதை வைத்து நம்புவது?

ஆஸ்பத்திரி ஸ்டோர் என் பொறுப்பு. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் காயாமலிருக்க ஊற்றும் சுத்தத் தண்ணீர், ஐந்து லிட்டர் கேனில் வரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். காலிக் கேனில் போர் தண்ணீரை நிரப்பி வைத்தேன். குழந்தை அதைக் குடிக்கப்போவதில்லையே.

நான்காம் நாள் நர்ஸ் பாண்டியம்மாள் ஸ்டோருக்கு வந்தாள்.

"பாய், வடுகபட்டி மகாலட்சுமி பிள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, மூச்சு எளைக்குது. பெட்டித் தண்ணி புதுசுதானா?"

"புதுசுதாம்மா. இப்பத்தான் சீல் பிரிச்சேன்."

அப்போது என் அலமாரியில் நல்ல கேன் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மறுநாள் செடிகளுக்குத் தண்ணீர் இருந்திருக்காது. அன்று காலையில்தான் முப்பத்தேழும் துளி விட்டு மினுங்கின.

மகாலட்சுமியின் பிள்ளை ஆறாம் நாள் இறந்தது. ஆண் பிள்ளை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்காக மனதார வருந்துகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வலி எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பக்கத்துப் பெட்டியில் ஒன்று, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மூன்று முறையும் தண்ணீரை மாற்றியவன் நான்தான். அப்துல் சமது என்று பெயர் போட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

யாஸ்மினுக்கு மட்டும் சொல்லி அனுப்புங்கள், ஐயா. முப்பத்தேழில் ஒன்றுகூடச் சாகவில்லை. என் கையில் உயிர் நிலைக்கும்.