கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள்

பிழை திருத்துவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. கல்யாணத்துக்கு முன் கிள்ளானில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளின் நோட்டுகள் மேசையில் குவிந்தால் மற்ற டீச்சர்கள் அலுத்துக்கொள்வார்கள். சிவப்பு மைப் புட்டியைத் திறந்துவிட்டால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

அதனால்தான் என் வீட்டுக்காரர் சபாபதி அந்தக் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தார். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்து ஜனங்கள் துணி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஜவுளிக் கடை இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து, முப்பத்திரண்டாம் வருஷம் படுத்துவிட்டது. மஞ்சக் கடுதாசி கொடுப்பதைத் தவிர வழியில்லை. கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்கார லாயரைப் பிடித்தார். லாயருடைய கிராணி கன்னையா, சொத்துப் பட்டியலை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தனுப்பினார். தப்பு இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து நல்ல நகல் அடிப்பார்கள். இவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

“நல்லாப் பாரு தங்கம். ஒண்ணு விட்டுப்போனாலும் ஒளிச்சான்னு உள்ள தள்ளிடுவாங்களாம். உன் கண்ணத்தான் நம்பியிருக்கேன்” என்றார்.

லாயர் ஆபீஸ் நிறையவே தப்புச் செய்திருந்தது. செமினியில் எங்களுக்கிருந்த ஐந்து ஏக்கரை எட்டு என்று போட்டிருந்தார்கள். அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த தையல் மிஷினைக் கடைச் சாமானோடு சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே இரண்டு வரிகள். பொன் தாலி, இரண்டு. பிரிக்பீல்ட்ஸில் பலகை வீடு, ஒன்று.

லாயருக்கு அதில் என்ன தெரியும்? தோடு இரண்டு, வளையல் இரண்டு என்பதுபோல அதுவும் ஒரு வரி. ஒரு வீட்டில் பத்து மோதிரம் இருக்கலாம். தாலி இரண்டு இருக்குமா, ஐயா?

“என்னங்க, இங்க ஒரு தப்பு இருக்கு” என்று வாசித்துச் சொன்னேன்.

அவர் தலை குனிந்தபடி இருந்தார். “அது தப்பில்ல தங்கம்.”

“அப்ப யாரு கழுத்துல கிடக்கு?”

“தனலெட்சுமின்னு பேரு. நாலு வருஷமாச்சு. ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. எதையும் மறைக்காதேன்னு லாயர் சொன்னாரு, சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல. படிச்சா நீயே தெரிஞ்சுக்குவேன்னு குடுத்தேன்.”

எனக்கு நாலு வருஷமாகச் சொல்லாததை லாயருக்கு ஒரே காலையில் சொல்லியிருந்தார். நான் அழவில்லை. சோறு போட்டேன். நெத்திலிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாரம் இறங்கினால் பசி எடுக்கும்தானே.

அவர் கை கழுவப் போன நேரத்தில் இரண்டை ஒன்றாக்கினேன். அதற்குக் கீழே இருந்த வீட்டு வரியைச் சிவப்பு மையால் முழுசாக அடித்தேன்.

பட்டியல் சரியென்று சத்தியம் செய்யும் நாளில் கன்னையா நல்ல நகலைத் தமிழில் வாசித்துக்காட்ட எழுந்தாராம். “வேணாம்லா. எங்க வீட்டு டீச்சரே பாத்தாச்சு” என்று இவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். நான் திருத்திய பழைய நகலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் கடைசிப் பக்கத்தை எடுத்து என் பெட்டியில் வைத்தேன். பத்து நாள் கழித்து, திவாலானவர்களின் சொத்தை எடுக்கும் அதிகாரிக்கு அந்தப் பலகை வீட்டைப் பற்றி ஒரு மொட்டைக் கடுதாசி போனது. இடது கையால் நான் எழுதியதுதான்.

“வீட்டையும் எழுதச் சொன்னேன்” என்று இவர் கோர்ட்டில் மன்றாடினார். அந்த வரி சிவப்பு மையில் அடித்து வந்தது என்று கன்னையா சொன்னார். தாள் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை; எங்கள் வீட்டிலிருந்த பழைய நகலிலும் கடைசிப் பக்கம் மட்டும் காணோம். இவருக்கு ஆறு மாதம் போட்டார்கள்.

ஜெயிலுக்கு நான் போகாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. “லாயரும் கிராணியும் சேந்து என்னக் கவுத்துட்டாங்க. இதுல பழிய உம்மேல போடப் பாக்குறான் அந்தக் கிராணி” என்றார் ஒருநாள், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “நான் உனக்குச் செஞ்சதுக்கு நீ இப்படி வந்து நிக்கிற.”

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க” என்றேன்.

நாலாம் மாதம் வயிற்றுக்கடுப்பு வந்து, அங்கேயே போய்விட்டார்.

உடலை வாங்கப் போன இடத்தில் தனலெட்சுமி நின்றாள். இடுப்பில் பிள்ளை. வீட்டை எடுத்துக்கொண்டார்களாம். “இனி எங்க போவேன்க்கா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அவள் கழுத்தில் கிடந்ததை அங்கேயே கழற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டேன். பட்டியலில் ஒன்றுதானே இருக்கிறது.

இப்போது இவரிடம் காசு வாங்கிக்கொண்டு வரியை அடித்தார் என்று கன்னையாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர். இதோ அந்தக் கடைசிப் பக்கம். மையும் என்னுடையது, கையும் என்னுடையது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நான் சொன்னதை எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், ஒருமுறை பார்த்துவிடுகிறேன். இங்கே, ‘கணவன் மேல் கொண்ட கோபத்தால்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தப்பு, ஐயா. அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

உங்களிடம் சிவப்பு மை இருக்கிறதா?