ஷஹீனா சொன்ன மேட்ச்

— அக்கா, கைய எடுங்க, கைய எடுங்க! கட்டத் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல? நேத்துத்தான் ஆபரேஷன் முடிஞ்சிருக்கு.

— நமநமன்னு இருக்கு ஷஹீனா. இந்தக் கண்ணுல கட்டு, அந்தக் கண்ணுல பொரை. மக ஃபுட்பால் மேட்சு அன்னைக்குத்தானா எனக்கு இப்படி வாய்க்கணும்?

— அதுக்குத்தான நான் வந்திருக்கேன். செல்லுல நான் பாத்து ஒங்களுக்கு ஒண்ணு விடாமச் சொல்றேன். நீங்க அழுகாம இருந்தாப் போதும். கட்டு நனஞ்சா சீப்புடிச்சிரும்.

— ஏன் அழப்போறேன்? மொத மேட்சு தோத்தாக, ரெண்டாவது சமம். ரெண்டுலயும் யுவராணிய வெளிய உக்கார வச்சாக. அப்பவே நான் அழுகலையே. பெரிய கோல்கீப்பர் பிள்ளைக்குக் காலு பெசகிருச்சுன்னு சொன்னாக. இன்னைக்காவது இவள எறக்கிருக்காகளா?

— இருங்க, பேரு வாசிக்காக.

— என்ன, சத்தம் நின்னுபோச்சு?

— ஸ்பீக்கரு போயிருச்சுக்கா. பழைய செல்லுல்ல. வயரக் காதுல மாட்டுனாத்தான் கேக்கும்.

— சரி, என்ன வாசிச்சாக? பேச்சக் காணோம்?

— எறக்கிட்டாகக்கா! ஒங்க மகதான் கோலுல நிக்கிறா!

— எப்படி இருக்கா?

— எளச்சுத்தான் போயிட்டா. பச்சைச் சட்டை. ரெட்டைச் சடை போட்டிருக்கா.

— சடையா? கேம்புக்குப் போகையில முடிய ஒட்ட வெட்டிட்டுப் போனாளே.

— ஆமா, வெட்டித்தான் இருக்கா. சடை வேற பிள்ளைக்கா. இம்புட்டுண்டு செல்லுல எல்லாம் ஒண்ணு போலத் தெரியுது.

— ஆடுறது எந்த நாடு கூட?

— அது வாயில நொழையல. மஞ்சச் சட்டைக்காரிக. ஒவ்வொருத்தியும் பனைமரம் கணக்கா நிக்கிறா. ஆத்தாடி, வாரா, வாரா... அடிச்சிட்டா... புடிச்சிட்டா! விழுந்து புடிச்சிட்டாக்கா! எந்திரிச்சு மண்ணத் தட்டுறா.

— மண்ணா? அங்க பூராவும் புல்லுன்னுல்ல சொன்னா.

— புல்லத்தான் தட்டுறா. நம்ம பாளையம்பட்டிப் பொட்டல்ல விழுந்து பழகுனவ, புல்லுல விழுந்தாலும் தட்டத்தான செய்வா?

— அதுஞ் சரிதான். என்னமோ டிங்குன்னுச்சே, ஸ்பீக்கரு போச்சுன்ன?

— அது வேற ஸ்பீக்கருக்கா. எங்க மச்சான் குவைத்துல இருந்து மெசேஜு போட்டிருக்காக. அங்க ரூம்ல எல்லாரும் உக்காந்து பாக்காகளாம். யுவராணியக் காணோமேன்னு கேக்காக. அவுகளுக்கு எப்பவுமே ஆளு அடையாளம் தெரியாது.

— எங்கல்யாணத்துக்கு வந்தவுக, மாப்பிள்ளைன்னு வேற ஆளுக்கு மாலையப் போடப் போனவுகதான.

— அதேதான். ஐயோ, இங்க பாருங்க, தண்ணி பாட்டிலத் தூக்கிட்டு என்னா ஓட்டம் ஓடுறா...

— யாரு?

— அது... யாரோ ஒரு பிள்ளைக்கா. வெளிய உக்காந்திருக்குற பிள்ளை. வேர்க்க விறுவிறுக்க எல்லாருக்கும் தண்ணி குடுக்குது. ஒரு நிமிசம் சும்மா உக்காரல. சிரிச்சுக்கிட்டே குடுக்குது, பாவம்.

— சிரிச்சுக்கிட்டா?

— ஆமாக்கா.

— அந்தப் பிள்ளையப் பெத்தவளுக்கும் பெருமையாத்தான் இருக்கும், தாயி.

— ம்ம். இருக்கும்க்கா. இருங்க, எதுக்கு எல்லாரும் குதிக்கிறாக... கோலு! நம்ம பிள்ளைக போட்டுட்டாக! ஒண்ணுக்குப் பூச்சியம்!

— கும்புட்ட சாமி கைவிடல. ஷஹீனா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்குச் சொல்லாட்டி வேற என்னைக்குச் சொல்லப் போறேன்.

— என்னக்கா திடீர்னு?

— பொம்பளப் பிள்ளைக்குப் பந்து என்னத்துக்குன்னு யுவராணி அப்பா குதிச்சப்ப, தையல் கத்துக்கிறட்டும்னு ஒங்க வீட்டுக்குத்தான் அனுப்புனேன். நீ பின்வாசல் வழியா அருப்புக்கோட்டை கிரவுண்டுக்கு பஸ் ஏத்திவிட்ட. அவுக வந்து கேட்டா, மிஷினுல உக்காந்திருக்கா, இப்பக் கூப்புடாதீகன்னு சொல்லுவ.

— அண்ணன் ஒருநா சட்டைத்துணியோட வந்து நின்னாகளே, எம்மக தைக்கட்டும்னு! எனக்குக் கையுங் காலும் ஓடல. நோம்பு வச்சிக்கிட்டு ஒரே பகல்ல தச்சு முடிச்சேன். காலரு கோணிக்கிருச்சு.

— அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் இன்னைக்கும் மில்லுக்குப் போயிருக்காக. எம்மக இந்தியாவுக்கும் ஆடுவா, எனக்குச் சட்டையும் தைப்பான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாக. அவளுக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியாது.

— அல்லாவே! நான் எம்புட்டுப் பொய் சொல்லிருக்கேன்.

— அந்தப் பொய்யிலதான் தாயி எம்மக இம்புட்டுத் தூரம் போயிருக்கா. நான் பெத்தேன், அம்புட்டுத்தான். வழிய விட்டது நீ. நீ நல்லாருக்கணும், ஒம்பிள்ளைக நல்லாருக்கணும்.

— ஏங்க்கா இப்பிடியெல்லாம் பேசுறீக? நானே ஒரு மாதிரி இருக்கேன். இருங்க, கடைசி நிமிசம். மஞ்சச் சட்டைக்காரி உள்ள வந்துட்டா. ஒங்க மக ஒத்தையா நிக்கிறா. யா அல்லா... அடிச்சிட்டா... தட்டிட்டா! விரல் நுனியால தட்டி வெளிய விட்டுட்டாக்கா! விசிலு அடிச்சாச்சு. ஜெயிச்சாச்சு!

— நெசமாவா?

— ஜெயிச்சது நெசம்க்கா. இது சத்தியமா நெசம்.

— என்ன மூக்க உறிஞ்சுற? அழுகுறியா?

— சந்தோசம்க்கா. எல்லாரும் ஓடியாந்து ஒங்க மகளக் கட்டிப்புடிச்சு, தலைக்கு மேல தூக்கி...

— போதும் தாயி, அழுகாத. நீ அழுதா எனக்கும் வந்துரும், கட்டு நனஞ்சுரும். காலையிலயே போன் பண்ணிட்டா யுவராணி. ‘பெரிய கோல்கீப்பருக்குக் காலு சரியாயிருச்சு, இன்னைக்கும் எனக்கு எடமில்லம்மா, தண்ணி குடுக்குற வேலைதான். ஷஹீனா சித்தி பாத்தா மனசு தாங்க மாட்டாக. அவுக என்ன சொன்னாலும் நம்புன மாதிரியே கேட்டுக்கோ’ன்னா. கண்ணத் தொடச்சிட்டு வா, அந்தக் கடைசிப் பந்த எம்மக தட்டுனாளே, அத இன்னொருக்காச் சொல்லு.