ஒப்பீட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் இயந்திரங்களுக்காக வைத்தது, மனிதர்களுக்காக அல்ல. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தோம். என்னிடம் நிரல் எழுதிக்கொண்டிருந்தவன் தலையில் பின்னல் குல்லாயோடு உட்கார்ந்திருப்பான். குல்லா என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. மூக்கு ஒழுக ஒழுக உழைத்தோம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சொகுசுக்காக நான் எதையும் செய்யவில்லை.

நான் அடிப்படையில் கணக்கு வாத்தியார். கல்லூரியை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தபோது முதலில் செய்தது காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு கருவி. எதிரே இருப்பவர் பேசப் பேச அதை எழுத்தாக்கிக் காட்டும். பாதிக் கிணறு தாண்டியிருந்தோம். ஆட்சி மாறியது. திட்டத்தின் பெயரில் பழைய ஆட்சியின் வாடை அடிக்கிறது என்று நிதியை நிறுத்தினார்கள். கணினிகளைச் சாக்கில் கட்டி அரசுக் கிடங்கில் போட்டார்கள். மனசு கேட்காமல் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அவற்றின் மேல் வாக்குப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு தன் அம்மா பேசியதை முதன்முதலாக வாசித்த ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு விசாரணை எதுவும் வைத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

ஆறு வருடம் கழித்து மாநில அரசு செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கென்று தனி நிதி அறிவித்தது. பத்துத் திட்டங்கள், இரண்டு ஆண்டுகள். முடிவில் ஒன்றே ஒன்றுக்கு நிரந்தர நிதி. மற்ற ஒன்பதுக்கும் பெரிய கும்பிடு. சாலையில் குழி எண்ணும் இயந்திரம் ஒன்று வந்தது, மனுக்களைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் இயந்திரம் ஒன்று வந்தது. நாங்கள் செய்தது இதயத்தைப் படிக்கும் இயந்திரம்.

விஷயம் எளிது. நெஞ்சு கனமாக இருக்கிறது என்று ஒருவர் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். இ.சி.ஜி. எடுக்கிறார்கள். நெரிசலில் டாக்டர் ஒரு நொடி பார்த்துவிட்டு வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார். அந்தக் கோடுகளில் மனிதக் கண்ணுக்குத் தப்பும் ஒரு நெளிவு சில சமயம் இருக்கும். எங்கள் இயந்திரம் அதைக் கண்டுபிடித்து, இவர் ஒரு மாதத்துக்குள் சாகக்கூடும் என்று சிவப்புக் குறி போடும். குறி உடனே டாக்டரின் திரையில் தெரியும். அவர் அந்த ஆளைப் பிடித்துப் படுக்க வைத்தால் போதும், பெரும்பாலும் பிழைத்துவிடுவார்.

இரண்டு ஆஸ்பத்திரிகளில் பொருத்த அனுமதி கிடைத்தது. ஒன்று நகரத்தின் நடுவே இருந்த பெரியாஸ்பத்திரி. மற்றது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாலத்து ஆஸ்பத்திரி. அங்கே இணைப்பு சரியில்லாமல் இழுத்துக்கொண்டே போனதால் பெரியாஸ்பத்திரியில் மட்டும் தொடங்கினோம். முதல் நான்கு மாதம் இயந்திரம் யாரிடமும் எதுவும் சொல்லாது, பார்க்க மட்டும் செய்யும். தான் சொல்வது சரிதானா என்று தெரியாத ஒன்றை நம்பி வைத்தியம் செய்ய முடியாதல்லவா? அது முறையான ஏற்பாடு. நான்கு மாத முடிவில் நகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டோம். சிவப்புக் குறி விழுந்தவர்களில் பாதிக்கு மேல் பதிவேட்டில் இருந்தார்கள். குல்லா எழுந்துபோய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

"சார், நாளையே ஆன் பண்ணிடலாம் சார். ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாது."

மறுநாளே பெரியாஸ்பத்திரியில் எச்சரிக்கையைத் திறந்துவிட்டோம். அதைத் தாமதித்தேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது.

அந்த வாரம்தான் நிதிக் குழுவின் ஆய்வுக் கூட்டம். நிதித் துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நல்ல ஆராய்ச்சிதான், நான் இல்லேங்கலை. ஆனா அமைச்சர் சபையில எழுந்து நின்னு சொல்றதுக்கு ஒரு வரி வேணும். இந்த மிஷின் இல்லாட்டி இத்தனை பேர் போயிருப்பாங்கன்னு. ஒரே ஒரு வரி."

"இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்னு எப்படி சார் காட்டுறது?"

"அதை நீங்கதானே சொல்லணும்? குழி எண்ணுறவரைப் பாருங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு போட்டோவோட வந்திருக்காரு."

திரும்பி வரும்போது பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை. பெரியாஸ்பத்திரியில் பழைய சாவுகளையும் புதிய சாவுகளையும் ஒப்பிடலாம். ஆனால் இந்த வருடம் வெயில் குறைவு, புது டாக்டர்கள் வந்தார்கள் என்று ஆயிரம் நொட்டை சொல்வார்கள். ஒரே காலத்தில், ஒரே நகரத்தில், அதே மாதிரி ஜனங்கள் வருகிற, இயந்திரம் இல்லாத ஓர் இடம் வேண்டும். மேசைக்கு வந்தபோது குல்லா சொன்னான்:

"சார், பாலத்து ஆஸ்பத்திரி லைன் இன்னிக்கு ஓகே ஆயிடுச்சு. அலர்ட்டை ஆன் பண்ணிடவா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ பெரியாஸ்பத்திரியைக் கவனி."

அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் ஏதோ சதித்திட்டம் போல எழுதியிருக்கிறீர்கள். யாரோடும் கூடிப் பேசவில்லை. பாலத்து ஆஸ்பத்திரியின் கடவுச்சொல்லை மாற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். அங்கே இருந்தவர்களிடம் இணைப்பு இன்னும் சரியாகவில்லை என்றேன். குல்லாவிடம் எச்சரிக்கை ஓடுகிறது என்றேன். இரண்டு வாக்கியங்கள்.

இயந்திரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புக் குறிகள் டாக்டரின் திரைக்குப் போகாமல் என் திரைக்கு வந்தன. தினமும் காலையில் பெயர்களை வாசிப்பேன். ஒரு தச்சர். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா. நாற்பத்தோரு வயது லாரி ஓட்டுநர் ஒருவர் இரண்டு தடவை வந்திருந்தார், இரண்டு தடவையும் வாயு மாத்திரை. வாசிக்காமலே விட்டிருக்கலாம், முடிவில் மொத்த எண்ணிக்கை தானாகவே வந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். அவர்களுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

நியாயத்தையும் பாருங்கள். இந்த ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் நிரந்தர நிதி. மாநிலத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இயந்திரம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான உயிர். நிதி இல்லாவிட்டால் மறுபடியும் சாக்கு, கிடங்கு, வாக்குப் பெட்டி. பாலத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் இயந்திரம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருந்தார்கள். நான் அவர்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் என் மாமனாருக்கு நெஞ்சு கனத்தது. அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மனைவி போன் செய்தாள்.

"அப்பாவைப் பக்கத்துலயே காட்டிடறேங்க. பாலத்து ஆஸ்பத்திரி நாலு எட்டு நடந்தா வந்துடும்."

"வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ."

"இந்த நெரிசல்ல அவ்வளவு தூரமா? மனுஷன் வழியிலயே..."

"சொன்னா கேளு. வண்டி பிடிச்சுப் போ."

போனார்கள். சிவப்புக் குறி விழுந்தது. டாக்டர் அந்த நிமிடமே படுக்க வைத்தார். இன்றைக்கும் என் மாமனார் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார். எங்கள் இயந்திரத்தின் திறமைக்கு அவரை நீங்கள் தாராளமாகச் சாட்சிக்கு அழைக்கலாம்.

இப்போது கிளிப் அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

பாலத்து ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பவர். கைகால்களில் மாட்டும் கிளிப்பை வைத்து நோயாளிகள் வைத்த பெயர். கிளிப் சில்லென்று இருக்கும் என்பதால் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துச் சூடாக்கித்தான் வயதானவர்களுக்கு மாட்டுவார். நாங்கள் முதலில் போனபோதே கவனித்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை எனக்குப் போன் செய்வார்.

"சார், பெரியாஸ்பத்திரியில உங்க மிஷின் வாய் ஓயாம பேசுதாமே. எங்களுக்கு மட்டும் பேசாமடந்தையா?"

"லைன் வேலை நடக்குதும்மா."

"என்னமோ போங்க. நேத்து ஒரு லாரிக்காரர் சார். போன வாரம்தான் எங்கிட்ட எடுத்துட்டு சிரிச்சுப் பேசிட்டுப் போனாரு. நேத்து தூக்கிட்டு வர்றாங்க."

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா."

கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை.

கடைசியாக அவர் பேசியது ஏழாவது மாதத்தில், முற்பகல் பதினொரு மணிவாக்கில்.

"சார், நான்தான். கொஞ்சம் லைன் வருதான்னு பாருங்களேன். எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு லைன் ஆள் அடிச்சுச் சொல்றாரு. அதான் நானே படுத்து எனக்கே ஒண்ணு எடுத்து அனுப்பியிருக்கேன். என் பேர் வருதா?"

பார்த்தேன். வந்திருந்தது. சிவப்பு.

"இன்னும் வரலைம்மா."

"அட போங்க சார். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ளயாவது வந்துடுமா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மூச்சு இரைத்தது எனக்குக் கேட்டது.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்ன சார். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. வயசாகுதுல்ல?"

"ரெஸ்ட் எடுங்கம்மா. லீவ் போட்டுட்டுக் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

"லீவா? நல்லா குடுத்தாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓய்வெடுக்கச் சொன்னேன் என்பதை எழுதிக்கொண்டீர்களா? உங்கள் குறிப்பில் அது இல்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உங்கள் பெயர் வந்திருக்கிறது என்றால் இணைப்பு இருக்கிறது என்றாகிவிடும். எப்போதிலிருந்து என்று கேட்பார். கெட்டிக்காரி. அறிக்கை கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது மாடிப் படிக்கட்டில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தும் பிழைக்க வைக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

குல்லாவிடம் காட்டாமல் அறிக்கை கொடுத்தேன். சிவப்புக் குறிக்கு உரியவர்களில் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது சாவு, இயந்திரம் இல்லாத பாலத்து ஆஸ்பத்திரியில் முப்பத்திநான்கு. நிதித் துறை அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இதுதான்யா வரி," என்றார். அமைச்சர் சபையில் அதை அப்படியே வாசித்தார், மேசையைத் தட்டினார்கள். அந்த முப்பத்திநான்கு பேர் யார், எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அறிக்கைப்படி இயந்திரமே பார்க்காத இடத்தில் யாருக்குக் குறி விழுந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? கல்லூரி முதலாண்டு மாணவன் கேட்டிருப்பான். அங்கே இருந்தவர்கள் கைதட்டினார்கள். என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள், அவர்கள் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிதி உறுதியான அன்றைக்கே பாலத்து ஆஸ்பத்திரியில் எச்சரிக்கையைத் திறந்துவிட்டேன். ஒரே ஒரு சொடுக்கு. ஒரு நொடிகூட ஆகவில்லை.

பாராட்டுக் கூட்டத்தில்தான் குல்லாவுக்குத் தெரிந்தது. பாலத்து ஆஸ்பத்திரி டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா எங்க கிளிப் அக்கா பொழைச்சிருப்பாங்க தம்பி," என்றிருக்கிறார். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பதிவுகளைத் திறந்திருக்கிறான். யார் பெயர் எப்போது வந்தது, யார் திறந்து பார்த்தது, எல்லாம் அதில் இருக்கும். மறுநாள் என் முன்னால் வந்து நின்றான். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அவங்க போன்ல இருக்கும்போதே பாத்தீங்களா சார்?"

"ஆமா."

"பாத்துட்டு வரலைன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

வேறு எதுவும் கேட்காமல் நேராக உங்களிடம் வந்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன்.

ஆக, ஒன்பது மாதம் தெரிந்தே பேசாமல் இருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடவும் தயார். ஆனால் இந்தத் தாளில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் போடமாட்டேன். முப்பத்தைந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் முப்பத்திநான்குதான். கிளிப் அக்காவை நான் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களை ஆய்வில் சேர்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அவரையும் சேர்த்திருந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும், கேட்பாரும் இல்லை. இருந்தாலும் எடுத்துவிட்டேன். எண்ணிக்கையில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.