பட்டறை வாசலில் கழற்றிய செருப்பு

பட்டென்று ஃபியூஸ் எரிந்த சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்த கவலை, ரைஸ் குக்கரில் சோறு வெந்திருக்குமா என்பதுதான். விருந்தாளி வரும் நாளில் அரை வேக்காட்டுச் சோறு போட்டால் வீட்டுக்குத்தானே அவமானம்?

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் பதறவில்லை. அப்படி ஏதாவது ஒரு சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தவன் எதற்குப் பதறவேண்டும்?

நீங்கள் இதை விபத்து என்கிறீர்கள். வீட்டில் செய்த கித்தார், வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபையர், ஈரக் கால், போய்விட்டது ஓர் உயிர். கோலா சிலாங்கூர் மார்க்கெட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் எண்ணெய்ப்பனை ஆலையில் ஒயர்மேன். என் கை போட்ட ஒயரில் இதுவரை ஒரு கோழிகூட ஷாக் அடித்துச் செத்ததில்லை. என் வேலையில் விபத்து நடக்காது. நடந்தால் அது நான் நடத்தியதாகத்தான் இருக்கும்.

அதைச் சொல்லத்தான் நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் ஹியூபர்ட். ரோசரி என் தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பெண். சமைத்துப் போட்டது, தலை பின்னிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான். அவளுக்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் எனக்காக அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அதை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கிற ஆள் நானில்லை.

அவளுக்கு வரன் வராமலில்லை. கிள்ளானிலிருந்து ஒரு வாத்தியார் வீட்டில் பார்க்க வந்தார்கள். வாத்தியாரின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கைக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். ரோசரிக்கு வலிப்பு கிடையாது. ஆனால் அந்த அம்மாளுக்கு வாய் நீளம். அங்கே போய் இவள் அழுவதைவிட இது மேல் அல்லவா? நல்லதற்குச் சொன்ன பொய்யைப் பொய் என்று நான் நினைப்பதில்லை.

கிளாரன்ஸ் எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். எஸ்டேட் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் போகிற ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தான். ரோசரி அதில் பாடுவாள். பேஸ் கித்தார் வாசித்தவன் சேது. ராசா என்கிற ஊரில் பிறந்தவன், பாசிர் பெனம்பாங்கிலிருந்து கிள்ளானுக்கு மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். இரவல் கித்தாரில்தான் வாசித்தான். கித்தாரின் சொந்தக்காரர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டதும் கிளாரன்ஸ் என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஆலையில அம்மாம் பெரிய மோட்டாருக்குக் கம்பி சுத்துறீங்க. ஒரு பேஸ் கித்தாருக்குச் சுத்த மாட்டீங்களா? கடையில வாங்க எங்ககிட்ட காசு, டுயிட் ஏது லா?"

எனக்கு அது பிடித்திருந்தது. நல்ல வேலை ஒன்று கையில் இருந்தால் மனம் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட என் பட்டறையில் வேலையைத் தொடங்கினேன்.

உடலுக்கு மெரந்தி மரப் பலகை. கழுத்துக்கு இரும்பு மாதிரியான மரம் வேண்டும் என்றேன். சேது தன் லோரியில் மாற்றிப் போட்ட பழைய அடிப்பலகை ஒன்றைத் தோளில் தூக்கி வந்தான். இழைக்க இழைக்க மீன் வாடை.

"வாசிக்கிறப்போ பூனைங்க வந்து உக்காந்துரும்ணே," என்றான். ரோசரி சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

கம்பியின் அதிர்வை ஒலியாக்கும் காந்தச் சுருளையும் நானே செய்தேன். அலமாரிக் கதவு ஒட்டும் காந்தங்கள், எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த தலைமுடி போன்ற செம்புக் கம்பி. ரோசரியின் தையல் மிஷினில்தான் சுற்றினோம். அவள் சக்கரத்தைச் சுற்ற, நான் கம்பி அறுந்துவிடாமல் விரலிடுக்கில் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையுமாக உட்கார்ந்து செய்த வேலை, சார். அந்தச் சுருள் எங்கே இப்போது? உங்கள் ஆட்கள் கித்தாரை ஈரத்தில் சாத்தி வைக்க வேண்டாம். கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

சேதுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. மீன் லோரி வேலை என்பதால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பான். பட்டறை வாசலில் அதைக் கழற்றுவான். பக்கத்துக் குழாயில் கால் கழுவுவான். வெறுங்காலோடு வந்து, பாதி செய்த கித்தாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"டேய், இது என்ன சாமி ரூமா? இரும்புச் சிராய் கெடக்கு. கால்ல ஏறிரும்," என்றேன் ஒரு நாள்.

"ஏறட்டும்ணே. மீன் காலோட வாத்தியத்தத் தொட்டா, பாட்டெல்லாம் கருவாடாப் போயிரும்."

நாங்கள் அப்படியில்லை. பட்டறைக்குள் செருப்பில்லாமல் கால் வைக்கக்கூடாது என்பது என் சட்டம். சிராய் ஒரு காரணம். மின்சாரம் இன்னொரு காரணம். ரோசரி சின்ன வயதிலிருந்தே அந்தச் சட்டத்துக்குப் பழகியவள். ரப்பர் செருப்பு இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் துணி துவைக்கும் கல்லருகில் வந்தது. ரோசரி ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். கேட்டுப் பார்த்தேன். பாட்டில்லை. பாட்டுக்கு அடியில் ஓடும் தும், தும் என்கிற பேஸ். பாட்டை முனகுகிற பெண்கள் ஆயிரம் பேர் உண்டு. பேஸை முனகுகிறவள் பாட்டைக் கேட்கவில்லை, வாசிப்பவனைக் கேட்கிறாள்.

பிறகு அவள் இடது கை விரல்களைப் பார்த்தேன். நுனி தடித்திருந்தது. தையல் வேலையில் அந்த இடம் காய்க்காது. நான் ஷிப்டுக்குப் போன மாலைகளில் அரைகுறைக் கித்தாரில் கம்பி மாட்டி அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

இன்னொன்றும் இருந்தது. ஒரு நாள் அவள் பாதத்தில் இரும்புச் சிராய் ஏறியிருந்தது. ஊசியை நெருப்பில் காட்டி நான்தான் எடுத்துவிட்டேன்.

"செருப்பு எங்க?"

"அறுந்து போச்சுண்ணே."

நம்பினேன். அவள் முனகுவதையும் விரலையும் சந்தேகப்பட்ட நான், இதை மட்டும் நம்பினேன். மறுநாள் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பழைய செருப்பு எங்கே அறுந்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னாள்.

"அண்ணே, கித்தார் முடிஞ்ச அன்னிக்கி சேது ஒங்ககிட்ட ஒண்ணு கேப்பாரு. இல்லேன்னு மட்டும் சொல்லிறாதீங்க லா."

"என்ன கேப்பான்?"

"அவரு வந்து கேக்கட்டும்." கொஞ்சம் குழம்பு எடுத்து என் தட்டில் ஊற்றினாள். "கோயில்ல ஃபாதர்கிட்டகூடப் பேசிட்டாரு."

அன்றிலிருந்து நான் கித்தாரை முடிக்கவில்லை. வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் தேய்த்து எடுத்தேன். மறுபடி அடித்தேன். கிளாரன்ஸ் வந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, கித்தார் செய்யிறீங்களா, கடல்ல விடுறதுக்குப் படகு கட்டுறீங்களா?" என்று கேட்டான். ரோசரியும் சேதுவும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று தெரிந்தது.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். இவனிடம் வலிப்புக் கதை எடுபடாது. ஆளையே அனுப்பிவிட வேண்டும். அவன் எப்படி வருவான், என்ன செய்வான் என்பது எனக்கு மனப்பாடம். பூட்ஸ் கழற்றுவான், கால் கழுவுவான், ஈரத்தோடு சிமெண்டுத் தரையில் நிற்பான், கம்பிகளைத் தொடுவான். அந்தப் பூட்ஸைக் கழற்றாமல் வந்தால் பிழைத்துக்கொள்வான். கழற்றுவதும் கழற்றாததும் அவன் இஷ்டம். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கித்தாரை முடித்தேன். முடித்ததும் நானே ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. அவ்வளவு நல்ல சத்தம். அதன் பிறகு, கித்தாரோடு சேர்த்து நான் செய்திருந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு ஒயரை வைத்தேன். எர்த்தை அவிழ்த்தேன். மேசை முன்னால் எப்போதும் கிடக்கும் ரப்பர் விரிப்பை எடுத்துக் கழுவி வெயிலில் காயப்போட்டேன். அழுக்காக இருந்தது என்பதும் உண்மைதான்.

சனிக்கிழமை மாலை வரச் சொன்னேன். "வந்ததும் நேரா பட்டறைக்குப் போ. எல்லாம் போட்டு வச்சிருப்பேன், எடுத்து வாசி. நான் சமையல்ல இருப்பேன். சத்தம் கேட்டு வர்றேன்," என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க எனக்குச் சொந்த அண்ணன் மாதிரிண்ணே," என்றான். இப்படி உருகுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ரோசரியை இராமையா பலகாரக் கடைக்குக் கறிபாப் வாங்க அனுப்பினேன். சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம். அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

அடுப்பில் கோழிக் குழம்பு. ஜன்னல் வழியாகக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடி நின்றது. மறுபடியும் திறந்தது, ஓடியது, நின்றது. மீன் வாடை போகவில்லை போலிருக்கிறது, இரண்டாம் தடவை கழுவுகிறான் என்று நினைத்தேன். தட்டுகளைத் துடைத்து வைத்தேன்.

பிறகுதான் அந்தச் சத்தம். மனித உடம்புக்கு ஃபியூஸ் எரியாது, சார். கித்தார் விழுந்து, கம்பிகள் டிரில்லிங் மிஷினின் இரும்பில் பட்டிருக்கிறது. அந்த மிஷினுக்கு எர்த் நான் போட்டது. கச்சிதமான எர்த். ரைஸ் குக்கரின் விளக்கும் அணைந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். சோறு வெந்திருந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. "ரோசரி! ஏ ரோசரி!"

சேதுவின் குரல். இனி கேட்கவே கூடாத குரல்.

ஓடினேன். பட்டறை வாசலில் அவனுடைய பூட்ஸ் கிடந்தது. அதன் பக்கத்தில், ஒட்டினாற்போல, நான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. சிமெண்டுத் தரையில் ஈரக் கால் தடங்கள். பெரிதாக ஒரு ஜோடி, சின்னதாக ஒரு ஜோடி. உள்ளே அவன் ரோசரியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கறிபாப் பொட்டலம் மேசைமேல் பிரிக்காமல் இருந்தது.

கடை வாசலில் அவளைப் பார்த்து லோரியில் ஏற்றி வந்தானாம். பின்பக்கச் சந்து வழியாக நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்களாம். நான் போட்ட கணக்கில் அந்தச் சந்து இல்லை.

"புது வாத்தியம்ணே," என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "வீட்டுப் பொண்ணு கை மொதல்ல படட்டும்னு நாந்தான் சொன்னேன். எப்பவும் மாதிரி கால் கழுவிட்டுத்தான் தொட்டா..."

எப்பவும் மாதிரி. அந்த வார்த்தையை அவன் சொன்னபோதுதான் சிராயின் ஞாபகம் வந்தது. நான் இல்லாத மாலைகளில் எல்லாம் அவள் என் சட்டத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள்.

இதுதான் நடந்தது. ஒயரை மாற்றியது நான். எர்த்தை அவிழ்த்தது நான். விரிப்பை எடுத்தது நான். எல்லாம் சேதுவைக் கொல்ல. இதில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறான். உங்கள் ஆட்கள் அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கிறார்கள். கிளாரன்ஸ் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறான். யாருக்கும் அவன்மேல் சந்தேகமே வரவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. நான் வளர்த்த வரைக்கும் அவள் செருப்போடுதான் உள்ளே வந்தாள், பத்திரமாக இருந்தாள்.

"என் பங்க நான் ஒத்துக்கிட்டேன், சார். அவளுக்குச் செருப்பக் கழட்டச் சொல்லிக் குடுத்தவன் வெளிய ஒக்காந்திருக்கான். அவன எப்ப சார் புடிக்கப் போறீங்க?"