இரண்டாவது அடிக்கு ஒரு காரணம்

இந்த நாற்காலி எனக்குச் சரிப்படவில்லை, வக்கீலம்மா. தரையில் சம்மணம் போட்டே பழகிய உடம்பு. ஆனாலும் உட்காருகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனால் என் அக்கா மகன் ஃபெரெட்டிக்கு நல்லதில்லை.

பதினோரு வருஷம் போட்டுவிட்டார்கள், மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளைக்கு. மேல்முறையீட்டில் அதைக் குறைக்க ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் என்றீர்கள்: அந்த இரண்டாவது அடி. செத்துப்போன சவேலியோவின் பன்றிகள் எங்கள் சேம்புத் தோட்டத்தைக் கிண்டிப் போட்டன, வாய்த்தகராறு முற்றியது, ஆத்திரத்தில் கடப்பாரையால் ஓர் அடி. அதுவரைக்கும் நீதிபதிக்குப் புரிகிறது. விழுந்து கிடந்தவனை மறுபடி ஏன் அடித்தாய் என்று கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளை, இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. இரக்கமற்றவன் என்று எழுதிவிட்டார். ஃபெரெட்டியா? கோழி அறுக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் அம்மா அவன்.

இஃபோகா என்ற எங்கள் மன்னிப்புச் சடங்குக்கும் நீதிபதி உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. குடும்பத் தலைவன் நான்; ஆகவே மன்னிப்புக் கேட்டுப் பாய்க்குள் உட்கார வேண்டியவனும் நான்தான். விடிவதற்கு முன்பே சவேலியோ வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் வீட்டிலேயே விலையுயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். அவர்கள் கல்லால் அடித்துக் கொன்றிருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. வெயில் ஏறியது. உள்ளேயே வெந்துகொண்டிருந்தேன். கடைசியில் பாயை விலக்கியது சவேலியோவின் அம்மா லூசியா.

"எழுந்திரு தம்பி. போனவன் போயிட்டான். உம்மேல எனக்குக் கோபம் இல்லப்பா."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. அந்த நிமிஷமே என் பாரமெல்லாம் இறங்கிவிட்டது. பெற்றவளே மன்னித்துவிட்டாள், இனிமேல் என்னை யார் கேட்க முடியும்?

இரண்டாவது அடிக்கு வருகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபெரெட்டிக்கு அது தெரியாது, அதனால்தான் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான்.

சவேலியோ காதோரம் ரத்தம் வழியப் படுத்திருந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "பெரியவரே, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. யார் அடிச்சாங்கன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிட்டால் என் தலைவர் பட்டம் போகும், ஊர்ச்சபையில் என் இடம் போகும். புருஷனை இழந்த என் அக்கா மசினா யாரை நம்பி இருப்பாள்? குடும்பத்தை நினைத்துத்தான் மறுபடி கடப்பாரையை எடுத்தேன்.

சத்தம் கேட்டு ஃபெரெட்டி ஓடி வந்தான். சவேலியோவை வாரித் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். அவன் சட்டையெல்லாம் ரத்தம். "நீ சின்னப் பையன்டா, சீக்கிரம் விட்டுடுவாங்க. உங்கம்மாவை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"அம்மாகிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லிடட்டுமா மாமா?"

"வேணாம்."

"சரி மாமா."

அவ்வளவுதான் பேசினோம். நல்ல பிள்ளை. சிறையில் போய்ப் பார்க்கும்போதுகூட நான் சாப்பிட்டேனா என்றுதான் முதலில் கேட்கிறான்.

எனக்குத் தாங்க முடியாதது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், மகனுக்குக் கொண்டுபோக எடுத்து வைப்பதற்கு முன்னால் எனக்குத்தான் பரிமாறுகிறாள். நான் தலைவன் அல்லவா. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே கேட்கிறாள்: "இவனை நான் எங்க தம்பி தப்பா வளர்த்தேன்?" நெஞ்சே விட்டுப்போகிறது அம்மா. எங்களில் அக்கா என்றால் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டியவள். என் கடமையில் நான் குறை வைக்கவில்லை; உங்களைத் தேடிப் பிடித்து வழக்கைக் கொடுத்ததே நான்தான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுங்கள். அவன் குற்றமே செய்யவில்லை என்றெல்லாம் போக வேண்டாம். ஊர் ரெண்டுபடும், லூசியா அம்மாள் மனசார எனக்குக் கொடுத்த மன்னிப்பும் வீணாகிவிடும். தண்டனை அதிகம் என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டாவது அடி பயத்தில் விழுந்தது என்று அவனே சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுத்தால் அப்படியே சொல்வான். என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை.

ஒன்றும் செய்யாத பிள்ளைக்குப் பதினோரு வருஷம் ரொம்ப அதிகம், அம்மா. ஐந்து போதும்.