அறுபதில் நின்ற மதகு

மதகு அறையின் மதியே! மணியும் மட்டமும் மறவாத மாண்பே! வெள்ளமே வந்து கொசுறு கேட்டாலும் ஒரு விரற்கடை கூடக் கொடுக்காத கறார்க் கையே! தலைமை மதகு இயக்குநர் அக்கா அவர்களே! வணக்கம்.

தங்கள் பணி முப்பத்தோராண்டு என்கிறது அலுவலகம். "முதல் வருசம் கத்துக்கிட்டதுதானே, அதைக் கழிங்க" என்கிறீர்கள் தாங்கள். எதிலும் ஒன்றைக் கழிக்கும் இந்தப் பழக்கத்துக்காகவே, முதுகுக்குப் பின்னால் "ஒண்ணக்கழி அக்கா" என்று பெயர் வைத்துச் சிரித்தவர்கள் நாங்கள். அந்தச் சிரிப்பு நின்ற நாளைச் சபையறியச் சொல்லாமல் தங்களைப் பணி ஓய்வுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

அணை நிரம்பிவந்த காலை அது. ஆறு மணிக்கு மதகுத் திறப்பு இருபது சென்டிமீட்டர். பிறகு மணிக்குப் பத்து கூட்ட வேண்டும். கீழே ஆற்றுக்குள் பலகை கட்டி, உடைந்த கரையை அடைத்துக்கொண்டிருந்தார்கள் பதினேழு பேர். மதகு அறுபதைத் தாண்டினால் பலகை முழுகும்; பத்தரைக்குள் அவர்கள் மேலேறிவிடுவதாக ஏற்பாடு. எங்கள் பதிவேட்டிலோ ஒரே விதி: முந்தைய திறப்போடு பத்தைக் கூட்டு. ஒன்பது மணிக்கு ஷிப்ட் மாறியபோது போகிறவர் கூட்டினார். அது தெரியாமல் வந்தவரும் கூட்டினார். பத்து மணிக்குக் கடைசி வரியில் அறுபதைப் பார்த்து, எழுபதாக்க எங்கள் கை பொத்தானுக்குப் போயிற்று.

"எடுங்க கைய!" என்றீர்கள்.

தொலைபேசியில் பொறியாளர் கொதித்தார். "முந்தினதுல பத்தைக் கூட்டணும். இதுக்கு என்னம்மா ஆராய்ச்சி? அணை வழிஞ்சா யார் பதில் சொல்றது?"

"முந்தினதே தப்பா இருந்தா, சார்? மணி பத்து. இது அஞ்சாவது திறப்பு, ஒண்ணக் கழிச்சா நாலு. நாலு பத்து நாப்பது, ஆரம்பத்து இருபதச் சேத்தா அறுபது. மதகு ஏற்கெனவே அறுபதுல நிக்குது. தொட விடமாட்டேன்."

பிறகு நகர்ந்த அந்த அரைமணி நேரம் பகைவனுக்கும் வேண்டாம். நீர்மட்டம் அபாயக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. கீழிருந்தவர்கள் போனை எடுக்கவில்லை. தாங்கள் பொத்தானுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பத்து இருபத்தெட்டுக்கு மேஸ்திரியின் குரல் வந்தது. "ஏறிட்டோம்க்கா. தண்ணி பலகைய நக்கிக்கிட்டிருந்துச்சு. ஒருத்தன் செருப்பு மட்டும் போச்சு."

பதினொன்றுக்கு எழுபதைத் தாங்களே திறந்துவிட்டு, சுண்ணக்கட்டியால் சுவரில் இரண்டு விதி எழுதினீர்கள்:

முதல் திறப்பு இருபது. அதன்பின் ஒவ்வொன்றும் முந்தையதோடு பத்து.

எத்தனையாவது திறப்போ, அதில் ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்கி, இருபதைக் கூட்டு.

"ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் பொத்தானத் தொடுங்க" என்றீர்கள். தவறு யாருடையது என்று விசாரணைக்கு வந்த பொறியாளருக்கு ஆளைக் காட்டவில்லை, சுவரைக் காட்டினீர்கள்.

மணி பார்க்க வேண்டாத காலைகளும், மங்காத உடல்நலமும், மனம்போல் நீளும் வாழ்நாளும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

இங்ஙனம்,
தங்கள் மதகு அறை ஊழியர்கள் பதினொருவர்;
"எங்களை விட்டுட்டு எப்படிங்க மடல்?" என்று கேட்டு வந்து, தம் கையால் ஒப்பமிடும் கரைப்பணியாளர்கள், பதினேழு பேரும்.