இரத்தம் குறைவு என்று சொன்னேன்

ஈரல் சமைப்பவர்களில் பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்றுதான். அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அது ரப்பராகியிருக்கும். ஈரல் வேகும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். மேலே இருக்கும் மெல்லிய தோலை நகத்தால் உரித்து, துண்டுகளை இரண்டு முறை அலசி, வெங்காயம் வதங்கிய பிறகு போட்டு, நிறம் மாறியதும் மிளகைத் தூவி, இறக்குவதற்குச் சற்று முன்புதான் உப்பைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் இறுகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நானாகவே கற்றுக்கொண்டேன்.

நீங்கள் கேட்டது சமையல் குறிப்பு இல்லை என்று தெரியும். நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நான் செய்தது இதுதான். வாரத்தில் ஐந்து நாள், மூன்றரை வருடம், என் மனைவிக்கு ஈரல் சமைத்துக் கொடுத்தேன்.

நான் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன். இருபத்தேழு வருடங்களாக ஒரே மேசை, ஒரே ஜன்னல். அவள் நில அளவையாளர். அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பவள். வெயிலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன். வீடு அப்படித்தான் நடந்தது.

புதிதாகப் போடவிருந்த ஒரு நெடுஞ்சாலைக்கு அவளைத் தலைமை அளவையாளராகப் போட்டார்கள். இரண்டு வருடம் அங்கேயே முகாமில் தங்க வேண்டும். அதே குழுவில் வரைபடம் போடும் ஆள் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து போன் வந்தால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சமையலறையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அளவு, கோணம், எல்லைக்கல் என்றுதான் பேச்சு இருக்கும். எல்லைக்கல்லில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. யோசித்துப் பார்த்தால், நான் சிரிக்கும்படி எதுவும் சொன்னதும் இல்லை.

வேலையில் சேர உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். இரத்தத்தை வீட்டிலேயே நான்தான் எடுத்தேன். ஊசி குத்தும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "மெதுவாங்க, இது உங்க பொண்டாட்டி கை" என்றாள். மறுநாள் அறிக்கையோடு வந்து, இரத்தம் மிகவும் குறைவு, டாக்டரிடம் காட்டிவிட்டேன், வெளியூர் வேலையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அவளுக்கும் கொஞ்ச நாளாக அசதி இருந்தது. அதனால் நம்பிவிட்டாள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "உடம்பு தேறினதும் போறேன்" என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்.

அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக ஈரல் வாங்கினேன்.

அக்கம்பக்கத்தில் எனக்குக் கிடைத்த பெயரை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். மேல்வீட்டு அம்மா தன் கணவரிடம் என்னைக் காட்டி, "பாத்துக் கத்துக்கோங்க, எப்படித் தாங்கு தாங்குன்னு தாங்கறாரு" என்பார். அந்த மனிதர் என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் போய்விடுவார். கறிக்கடைக்காரர், "சார், நல்ல ஈரலா எடுத்து வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டுக் கொடுப்பார். இரும்பு உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். எதையும் ஒளித்துக் கொடுக்கவில்லை. மூன்றரை வருடத்தில் இவ்வளவு சத்தான சாப்பாடு அந்தத் தெருவிலேயே யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த அறிக்கை. இரத்தம் குறைவு என்பது நான் தட்டச்சு செய்தது. கருவி காட்டியது வேறு. உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் எண் ஒன்று உண்டு. இருநூறைத் தாண்டக் கூடாது. அவளுக்கு ஆயிரத்து நூறு இருந்தது. கருவியில் கோளாறோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான். பிறவியிலேயே சிலருக்கு இப்படி இருக்கும். சாப்பாட்டில் உள்ள இரும்பை அளவில்லாமல் இழுத்து உள்ளே சேர்த்துக்கொண்டே போகும் உடம்பு. வைத்தியம் மிகவும் சுலபம். வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ கையிலிருந்து ஒரு பை இரத்தம் எடுத்தால் போதும், ஒரு வருடத்தில் கட்டுக்குள் வந்துவிடும். எண்பது வயதுவரை முக்காலி தூக்கலாம். இரும்பு மாத்திரையும் ஈரலும் மட்டும் தொடக் கூடாது.

இதெல்லாம் எனக்கு அந்த ஜன்னலோரத்திலேயே தெரிந்திருந்தது. டாக்டரிடம் நான் காட்டவே இல்லை.

முதல் வருடம் விரல் மூட்டுகளில் வலி வந்தது. இரண்டாம் வருடம் தோல் கறுத்தது. "வெயில்ல நின்னப்பகூட இப்படிக் கறுக்கலையே, வீட்டுக்குள்ள எந்தச் சூரியன் வந்துச்சுங்க" என்று கேலி பேசினாள். பிறகு சர்க்கரை வந்தது. சர்க்கரை டாக்டரிடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். கோப்பிலிருந்த தாள்கள் எல்லாம் நான் கையெழுத்திட்டவை. துறையில் இருப்பவன் என்பதால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அசதி கூடக் கூட, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். ஈரல் கொடுங்கள், உடம்பு தேறும். மேல்வீட்டு அம்மா இரண்டு முறை தானே சமைத்தும் கொண்டுவந்தார். அந்த வரைபடக்காரரும் ஒரு நாள் பழங்களோடு வந்தார். அறுபதைத் தாண்டியவர், காது மந்தம். அவரிடம் சத்தமாகப் பேசித்தான் ஆக வேண்டும், அவர் தப்பாகக் காதில் வாங்கிச் சொல்லும் பதிலுக்குச் சிரிக்காமல் இருக்கவும் முடியாது. நான்கூட ஒரு முறை சிரித்துவிட்டேன். அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவள் வீட்டில் இருந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது கதவு திறந்திருக்கும். அன்றைக்கு நடந்த சின்னச் சின்ன விஷயங்களை என்னிடம் கேட்பாள். இப்போது நான் பேசினேன், அவள் கேட்டாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒரே ஒரு முறைதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மத்தியானம், தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு என் கண்ணையே பார்த்தாள்.

"நீங்க ஏன் இத ஒரு நாளும் சாப்பிடறதில்ல?"

"உனக்காக வாங்கினது."

"இன்னைக்கு நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கறேன்."

சாப்பிட்டேன். கடைசித் துண்டுவரை சாப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். என் உடம்பை அது ஒன்றும் செய்யாது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "சீ, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்க. உங்களப் போய் இப்படி நினைச்சுட்டேனே. மன்னிச்சிருங்க" என்றாள். பரவாயில்லை, நோயில் மனசு அலைபாயத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னேன். அதன்பிறகு அவள் ஒரு துண்டைக்கூட மீதம் வைத்ததில்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் மட்டும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அவளுடைய தங்கை வேறு ஊரில் இருப்பவள். அவளுக்கும் மூட்டு வலி வந்து, அங்கே பரிசோதனை செய்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"மாமா, எனக்கு உடம்புல இரும்பு ஜாஸ்தியாம். குடும்பத்துல வர்றதாம். அக்காவுக்கும் கட்டாயம் பாக்கணும்னு சொல்றாங்க."

"அவளுக்கு இரத்தமே குறைவு. உனக்குத் தெரியாதா?"

"அந்த டெஸ்ட்ட யாரு எடுத்தாங்க?"

நான் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சட்டியைப் பார்த்தாள். அடுப்பை அவள்தான் அணைத்தாள். அரை மணி நேரத்தில் அக்காவை வண்டியில் ஏற்றி வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அதற்குள் இரும்பு படிந்து இதயமும் கெட்டுப்போயிருந்தது. பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள். ஒன்பதாம் நாள் என்னைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டதால் உள்ளே விட்டார்கள். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவள் திட்டவில்லை.

"அந்த வேலைக்குப் போகட்டுமா வேணாமான்னு உங்ககிட்ட நாலு தடவ கேட்டேன்" என்றாள். "நாலு தடவையும் போன்னுதான் சொன்னீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இருந்திருப்பேனே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஆமாம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். முதல் நாளிலிருந்தே தெரியும். போகாதே என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்ன பிறகும் அவள் கிளம்பியிருந்தால், என்னை வேண்டாம் என்றுவிட்டுப் போனதாக ஆகியிருக்கும். அதை என்னால் தாங்க முடியாது. இப்போது அந்த அவமானம் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரை என் மனைவி என்னை விட்டுப் போகவில்லை.